படிவம் 7-ஆ

'பெறப்பட்டது' என்று முத்திரை குத்துவது என் வேலை.
படிப்பது அல்ல.

அக்டோபரில் வந்த முதல் புகார்ப் படிவம் ஊதா மையில் இருந்தது.
நூலை முழுவதும் வாசித்தீர்களா?
இல்லை.
ஆட்சேபத்துக்குரிய பகுதி எது?
பக்கம் எண்பத்தேழு.
இதற்குப் பதிலாக எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?
அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.
குத்தினேன்.

கிறிஸ்துமஸுக்குள் பதினோரு புத்தகங்கள்.
ஆரின் அவற்றை வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கி
கொதிகலன் அறைக்கு இறக்கினான்.
அதில் ஒன்று,
லகோட்டாவும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பது.
எங்கள் கணினிக்கு அந்த எழுத்துகள் தெரியாது.
பட்டியலில் அதன் தலைப்பு
சதுரம் சதுரம் சதுரம் என்றே விழும்.
நீக்கப்பட்டவற்றின் பட்டியலிலும் அப்படியே விழுந்தது.
எதை நீக்குகிறோம் என்று வாசிக்க முடியாத தாளில்
வாரியத் தலைவர் கையெழுத்திட்டார்.
நல்ல பேனா.

மாரிட் ஹௌக்ஸ்டாட் தன் வகுப்பின் காலி அலமாரியை
நிரப்ப மறுத்தாள்.
பூகோள உருண்டை வைக்கலாமே என்றார் முதல்வர்.
தூசியில் பதிந்திருந்த பதினோரு தடங்களைத்
துடைக்கவும் அவள் விடவில்லை.
அவளுக்குப் போன எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான்.
இரண்டு எழுத்துப்பிழை. வேண்டுமென்றே அல்ல.

புத்தகம் போன வகுப்பில் அவள் படிவத்தையே பாடமாக்கினாள்:
இந்த வாக்கியத்தில் பேசுவது யார்,
'பொருத்தமற்றது' என்ற சொல்லுக்குள்
யாரை உட்கார வைத்திருக்கிறார்கள்,
'நம் பிள்ளைகள்' என்றால் எந்தப் பிள்ளைகள்.

பிப்ரவரி. பனிப்புயல் ஓய்ந்த மறுநாள்.
மிசூரி ஆற்றின் மேல் லாரி ஓட்டலாம், அவ்வளவு இறுக்கம்.
என் மேசைக்கு முன்னால் ஒரு வரிசை.
டெல்ஃபீன் டூ ஹாக் முதலில் நீட்டினாள்.
புகாருக்குரிய நூல்: மாநில வரலாற்றுப் பாடநூல்.
முழுவதும் வாசித்தீர்களா?
ஆம். மூன்று வருடமாக.
ஆட்சேபத்துக்குரிய பகுதி?
பக்கம் 112. 'பின்னர் அவர்கள் இடம்பெயர்ந்தனர்.'
நான் பேருந்தில்தான் வருகிறேன். இருபது நிமிடம்.
பதிலாக?
நீக்க வேண்டாம். பக்கத்தில் இடம் விடுங்கள்.

அடுத்து எஹ் தா,
இறைச்சி ஆலையில் இரவு வேலை பார்க்கும் கரேன் வீட்டுப் பையன்.
அவன் ஆட்சேபம் பொருளடக்கத்தின் மேல்.
'முழுவதும் தேடினேன்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

பத்தொன்பதாவது, ஊதா மைக்காரியின் மகன்.
வீட்டுக்குக் கடிதம் போகுமா என்று கேட்டான்.
விதிப்படி போகும்.
தாளை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டான்.
கடைசி மணி அடித்த பிறகு திரும்பி வந்து
மடிப்போடே நீட்டினான்.

முப்பத்தொன்று.
மைத்தட்டு இருபத்து மூன்றில் வறண்டது; எச்சில் தொட்டுக் குத்தினேன்.
ஒவ்வொரு புகாருக்கும் குழு கூடி
நூலை முழுவதும் வாசிக்க வேண்டும் என்கிறது விதி.
விதியை எழுதியவர்கள் வேறு யாரையோ மனதில் வைத்திருந்தார்கள்.
இழுப்பறையில் போடு, வசந்தம் கழித்துப் பார்ப்போம்
என்றார் முதல்வர்.
போட்டேன்.

மாலையில் ஆரினிடம் சாவி கேட்டேன்.
பெட்டிகளுக்கு அடியில் பலகை கொடுத்து உயர்த்தியிருந்தான்.
தரையில் ஈரம் ஏறும் என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.

பக்கம் எண்பத்தேழு:
பழைய விடுதிப் பள்ளி ஒன்றின் அலுவலகம்.
ஒரு பையன் வீட்டுக்கு, தன் மொழியில்,
கடிதம் எழுதிக் கொண்டுவருகிறான்.
எழுத்தர் ஒருத்தி வாங்கிக்கொள்கிறாள்.
தேதி குத்துகிறாள்.
இழுப்பறையில் போடுகிறாள்.
அதோடு பக்கம் முடிகிறது.

அடுத்த பக்கத்தை நான் திருப்பவில்லை.

நகல் இயந்திரம் சூடேற நேரம் பிடித்தது.
குழு உறுப்பினர் ஏழு பேரின் முகவரியும் எனக்கு மனப்பாடம்.
தபால்தலை என் பணம்.
உறைகளின் பசை
இரவு முழுக்க நாக்கில் இருந்தது.